இருப்பதிலேயே மங்கலான விளக்கு

"இருக்கிறதுலயே வெளிச்சம் கம்மியான விளக்கு எது?"

மீன் தொட்டிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார். இப்படி யாரும் கேட்டதில்லை.

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டுத் தொட்டிக்கு. அனிமோனுக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனிமோன் என்றால் கடல் சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு பிராணி. வெளிச்சம்தான் அதற்குப் பாதிச் சாப்பாடு. அது குறைந்தால் வெளுத்துச் சுருங்கி, கொஞ்ச நாளில் கரைந்தே போய்விடும்.

"செத்துப் போயிடும்மா அது!"

"அத நான் பார்த்துக்கறேன். நீங்க விளக்கைக் குடுங்க."

அவளை அவருக்குத் தெரியும். அவள் புருஷன் பழைய வாடிக்கை. அந்த ஒற்றை அனிமோனை வாங்குவதற்கு முன்னால், விளக்கில் நீலம் எவ்வளவு வேண்டும், வெள்ளை எவ்வளவு வேண்டும், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று வாராவாரம் வந்து குடைந்து எடுத்தவன். மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குக் கிளம்பியவன், பாதி வழியில் லாரி மோதிப் போய்விட்டான்.

ஆள் போன ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் அவன் ஆசையாக வளர்த்ததை ஒழித்துக்கட்டப் பார்க்கிறாளே!

"நானே வந்து மாட்டித் தரேன்மா" என்றார். வீட்டில் மாமியார் இருப்பார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாம்.

"ஆறு மணிக்கு மேல வாங்க" என்றாள் அவள்.

அவர் ஐந்தே முக்காலுக்கே போய் மணியை அடித்தார். கதவு திறக்க நேரம் ஆயிற்று. திறந்தவள் முகமெல்லாம் வேர்வை.

கூடத்தில் ஜன்னல் திரைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மீன் தொட்டி விளக்கு மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. உள் அறையிலிருந்து மாமியார் சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்தார்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. அவன்தான் வந்துட்டானோன்னு பார்த்தேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கடைக்காரர் உட்காரலாம் என்று, பக்கத்தில் இருந்த பிரம்பு நாற்காலியை நகர்த்தப் போனார்.

"அதுல உட்காராதீங்க தம்பி. என் பிள்ளை நாற்காலி அது. தொட்டிக்குள்ள பாருங்க, உங்களுக்கே தெரியும்."

குனிந்து பார்த்தார்.

நடுப்பாறையில் அவர் கையால் பதித்து வைத்த அனிமோன் அங்கே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் விரல்கள் அத்தனையும் அந்த நாற்காலியைப் பார்த்து நீண்டிருந்தன. தலைக்கு மேலே அவ்வளவு பெரிய விளக்கு எரிகிறது. வெளிச்சத்தைத் தேடிப் போகிற பிராணி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலி நாற்காலியைத் தொடப் பார்க்கிறது.

இருபது வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"தினமும் சாயங்காலம் இப்படித்தான்" என்றார் மாமியார். "அவன் வந்து உட்கார்றான். நம்ம கண்ணுக்குத் தெரியல. அதுக்குத் தெரியுது."

கடைக்காரர் தன்னை அறியாமல் நாற்காலியின் மேல் கையை வைத்தார்.

இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

மயிர்க்கூச்செறிய, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்க வாங்க" என்று மருமகள் அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். மேடையின் மூலையில், மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, தகரக்கூடு போட்ட கைவிளக்கு, அது இருந்தது. அணைத்தும் அனல் அடித்தது.

"அத்தை மத்தியானம் மாத்திரை போட்டுட்டு ஆறு மணி வரைக்கும் தூங்குவாங்க" என்றாள், தலையைக் குனிந்தபடி. "அப்ப மேல் விளக்கை அணைச்சிட்டு, அந்த நாற்காலியில உட்கார்ந்து இதைக் காட்டுவேன். அது இந்தப் பக்கம் வந்துடும்."

"ஏம்மா இதெல்லாம்?"

"அவர் போனதுலேர்ந்து அத்தை சோத்தையே தொடல. ஒரு நாள் தொட்டியைக் கழுவ இந்த விளக்கை அங்க வெச்சிருந்தேன். அது திரும்பியிருந்ததைப் பார்த்துட்டு, என் பிள்ளை வந்துட்டான்னு எழுந்து உட்கார்ந்தாங்க. அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாங்க. ஆனா மேல பெரிய விளக்கு எரிஞ்சா, அது மறுபடி நடுவுக்கே ஓடிடுது. அதான் மங்கலா கேட்டேன். கைவிளக்கு வெளிச்சத்துலயே அது பொழைச்சுக்கும்ல?"

"அவ்வளவு கிட்டத்துல காட்டினா பொழைச்சுக்கும்மா" என்றார். என்ன நினைத்துக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறினோம் என்று கூசியது. மங்கலான விளக்கை மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

வாசல் வரை மாமியார் கூடவே வந்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, மாத்திரை போட்டாலும் மத்தியானத்துல எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

செருப்பை மாட்டப் போன கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவன் செத்த அன்னிக்குக்கூட அவ அழல. கல்லு மாதிரி நின்னா. அந்த நாற்காலியில உட்கார்ந்து விளக்கைப் பிடிக்கும்போதுதான் அவன்கிட்ட வாய்விட்டுப் பேசுறா, அழறா. நான் நம்புறேன்னு அவ நினைச்சாத்தானே தம்பி, நாளைக்கும் போய் உட்காருவா?"

உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டு, இன்னும் மெதுவாகச் சொன்னார்:

"சூடாகாத கைவிளக்கா ஒண்ணு இருந்தா, நீங்களா குடுக்கிற மாதிரி குடுங்க. உள்ளங்கையெல்லாம் கொப்புளிச்சுக் கெடக்குது எம்பொண்ணுக்கு."