ஊக்கு மோட்டார்

கம்பிச் சுருள் ஒருமுறை துள்ளியது. பிறகு காந்தத்தின் மேல் அப்படியே நின்று நடுங்கியது.

இது மூன்றாவது சுருள்.

தெருவில் அவனை மோட்டார் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கருகிப்போன தண்ணீர் மோட்டார், லிஃப்ட் மோட்டார், எது வந்தாலும் பழைய கம்பியை உருவிப்போட்டுப் புதுக்கம்பி சுற்றி ஓடவிட்டுவிடுவான்.

இப்போது எதிரில் இருந்தது ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம், பத்துச் சுற்றுச் செம்புக் கம்பி. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் செய்து, நாளைக்கு வகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டிய மோட்டார்.

'எங்கப்பா கைவெச்சு ஓடாத மோட்டாரே கிடையாது' என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா, ஒரு நிமிஷம்..."

"நீ சும்மா பாரு பாப்பா."

காந்தத்தை மாற்றினான். பேட்டரியை மாற்றினான். சுற்றுகளைக் கூட்டினான். பேட்டரி சூடேறியதுதான் மிச்சம்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் ஓடுது. வீட்டு மோட்டார் மட்டும் டாக்டருக்கு அடங்க மாட்டேங்குது."

அவன் காது சிவந்தது. கம்பியின் இரண்டு முனைகளையும் மறுபடி பிளேடால் சுரண்டினான், சுற்றிவர எனாமல் பூச்சு துளிகூட இல்லாமல். பட்டறையில் இதுதான் முதல் பாடம். பூச்சு மிச்சமிருந்தால் இணைப்பு கருகிப் போகும். அரைகுறையாகச் சுரண்டிய எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறான்.

சுருள் துள்ளியது. நின்றது. நடுங்கியது.

மகள் முகத்தை அவன் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

"நான் ஒண்ணு சுத்திப் பாக்கட்டாப்பா? சும்மா விளையாட்டுக்கு."

பென்சிலில் கம்பியைச் சுற்றினாள். கோணல்மாணலாக வந்தது. உப்புத்தாளை எடுத்து ஒரு முனையைத் தேய்த்தாள். அடுத்த முனையை மேஜையில் படுக்கவைத்து, மேல்பக்கம் மட்டும் நாலு இழுப்பு இழுத்தாள்.

"கை வலிக்குதுப்பா. போதும்."

"அடிப்பக்கம் பூச்சு அப்படியே கிடக்கு. இதெல்லாம் ஒரு வேலையா?"

"வெச்சுப் பாத்துட்டு அப்புறம் தேய்க்கறேன்."

ஊக்குகளின் காதில் சுருளை மாட்டி, விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

சுற்றியது.

நிற்கவே இல்லை. கம்பி கண்ணுக்குத் தெரியாமல் செம்பு நிறத்தில் ஒரு குமிழி மட்டும் தெரிந்தது.

நாற்காலி பின்னால் விழ அவன் எழுந்தான். "ஏய், இங்க வாடி! ஓடுது பாரு!" மடித்த துணியெல்லாம் சரிய மனைவி ஓடிவந்தாள்.

குனிந்து பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. முழுக்கச் சுரண்டினால் மின்சாரம் இடைவிடாமல் பாய்கிறது, காந்தம் சுருளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பாதிவழியில் மின்சாரம் அறுகிறது. வந்த வேகத்திலேயே சுருள் தாண்டிப் போய்விடுகிறது.

"உன் சோம்பேறித்தனத்துலதான் கழுத ஓடுது! மீதியத் தேய்ச்சுத் தொலைச்சுடாத!"

குத்துச்சண்டையில் ஜெயித்தவரின் கையை நடுவர் தூக்குவதுபோல் மகளின் இடது கையைப் பிடித்து உயரத் தூக்கினான்.

உள்ளங்கையில் நீலப் பேனா எழுத்து. வியர்வையில் கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

'ஒரு முனை முழுசா. இன்னொரு முனை மேல்பக்கம் மட்டும்.'

அவன் மகளைப் பார்த்தான். அவள் மோட்டாரைப் பார்த்தாள்.

கையை மெல்ல இறக்கி, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். பிறகு காதோரம் குனிந்தான்.

"அம்மா பாக்கறதுக்குள்ள கையக் கழுவிட்டு வந்துடு. சோப்பு போட்டு."