நான்காவது பெயர்

எதிர்வீட்டு அமிர்தவல்லி அக்கா மளிகைச் சீட்டைத் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு வாரம் இரண்டு பார்சல் வந்தால் கேட்காமல் இருப்பேனா? "பழைய புத்தகம் மாத்திக்கிற குரூப்பும்மா. நாம ஒண்ணு அனுப்பினா அவங்க ஒண்ணு அனுப்புவாங்க" என்றார். நான்கு வருடம் முன்பு சண்டை போட்டுவிட்டுப் போன மகன் குணாளன், எங்கே இருந்தாலும் புத்தகம் இல்லாமல் இருக்கமாட்டானாம். அதனால் அனுப்புகிற ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் "குணா, அம்மாவைக் கூப்பிடு" என்று எழுதி, இப்போது மாற்றியிருக்கும் போன் நம்பரையும் போடுவார். இப்படியும் ஒரு தூண்டிலா என்று நாலு வீட்டில் சொல்லிச் சிரித்தவள்தான் நான்.

நேற்று, அவர் எப்போதோ அனுப்பிய புத்தகம் ஊரெல்லாம் சுற்றி அவரிடமே வந்து சேர்ந்தது. படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு அனுப்புவது அந்தக் குரூப்பின் வழக்கம். ஆறு பேர் எழுதியிருந்தார்கள். நான்காவதாகப் பச்சை மையில், குணாளன். கையெழுத்து அவனுடையதேதான் என்றார் அக்கா. ஊர் எழுதவில்லை. அவசரமாக முதல் பக்கத்தைத் திருப்பினோம். போன் நம்பரை அதே பச்சை மையால், ஒரு எண்கூடத் தெரியாதபடி அழுத்தி அழுத்தி அடித்திருந்தான்.

அக்கா அதை விரலால் தடவினார். "கண்டவன் கண்ணுல அம்மா நம்பர் படக்கூடாதுன்னு அடிச்சிருக்கான். பொறுப்பான பிள்ளை" என்றார். நான் தலையாட்டினேன், வேறென்ன செய்ய?

"குறிச்சு வச்சுக்கிட்டுதானேம்மா அடிச்சிருப்பான்?"