கம்பி போகும் பாதை

“பாக்கெட்லேருந்து கையை எடுத்துட்டுப் பேசுங்க, தம்பி!”

தீயணைப்பு நிலையக் கூடம் அதிரச் சிரித்தது. மேடையில் நின்ற ஹென்னிங் சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

முன்வரிசையில் இருந்த வீப்கேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்சாரக் கம்பெனியில் அவள் புதிது. ஆனாலும் ஹென்னிங்கோடு நாலைந்து ஊர்க் கூட்டங்களுக்குப் போய்வந்துவிட்டாள். ஓரிடத்தில் விவசாயிகள் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி வழி மறித்தார்கள். அப்போதும் சிரித்த முகம் மாறாமல் பேசியவன் அவன். இந்தக் கடலோர ஊருக்கு மட்டும், “என்னை விட்டுடுங்க, வேற யாரையாவது அனுப்புங்க” என்று மேலதிகாரியிடம் ஒரு வாரமாகக் கெஞ்சினான். பலிக்கவில்லை.

காரணம் இப்போதுதான் புரிந்தது. இப்படி அதட்டுகிற இந்த அம்மாளைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டிருப்பான் போலிருக்கிறது.

டெல்சே என்று பெயர். ஊரின் மழலையர் பள்ளியை நடத்துகிறவர். குட்டையாக வெட்டிய நரைமுடி, நீலக் கம்பளிச் சட்டை. வடக்கே காற்றாலைகளில் எடுக்கும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பி, அவர் பள்ளித் தோட்டத்தை உரசிக்கொண்டு போகப் போகிறது.

“சொல்லுங்கம்மா,” என்றான் ஹென்னிங்.

“நான் என்னத்தைச் சொல்ல? நீங்கதான் சொல்லணும். பிள்ளைங்க மத்தியானம் தூங்குற ரூம் ஜன்னலைத் திறந்தா உங்க கம்பிக் கோபுரம் நிக்கும். அதனால ஆபத்து உண்டா, இல்லையா?”

“கம்பியைச் சுத்தி வர்ற காந்தப்புலம் சட்டம் சொல்ற அளவை விட ரொம்பக் குறைவும்மா. படத்துல பாருங்க, இந்தப் பச்சைக் கோடு...”

“பச்சைக் கோட்டை யார் கேட்டா? உண்டா, இல்லையா?”

“ஆபத்துன்னு யாரும் நிரூபிக்கலை.”

“இல்லைன்னு நிரூபிச்சிருக்காங்களா?”

ஹென்னிங் தண்ணீர் குடித்தான். பிறகு ஏதோ முனகினான்.

“வாய்க்குள்ளேயே பேசாதீங்க. கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்!”

மறுபடியும் சிரிப்பு. ஹென்னிங் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னான். “கம்பிக்கு ரொம்பப் பக்கத்துல வளர்ற பிள்ளைங்களுக்கு ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா வர்ற மாதிரி சில ஆராய்ச்சிக் கணக்கு காட்டுது. அதுக்குக் கம்பிதான் காரணமான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. ஜன்னலோரத்தில் ஒருத்தி மடியிலிருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“சரி,” என்றார் டெல்சே. “உங்க குழந்தையை அந்த ரூம்ல தூங்க வைப்பீங்களா?”

“எனக்குக் குழந்தை இல்லைம்மா.”

“அதுதான் எனக்குத் தெரியுமே!”

கூடம் கொல்லென்று சிரித்தது. மேயர் ஹார்ம் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். ஹென்னிங்கின் காது மடல் வரை சிவந்துவிட்டது.

வீப்கே பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். “ஒருத்தரோட சொந்த விஷயத்தை எல்லாம் சபையில வெச்சு இப்படிக் கேலி பண்றது நல்லா இல்லை!”

“உக்காரு வீப்கே. அவங்க கேக்கட்டும்,” என்றான் ஹென்னிங்.

டெல்சே அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஹென்னிங்கிடம் குரலைத் தணித்து, “இருந்தா?” என்றார்.

ஹென்னிங் திரையிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ ஊர்களில் அவன் சுற்றி வளைத்துக் கடந்துபோன கேள்விதான் அது. இன்றைக்கு அவன் படத்தை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

“தூங்க வைக்க மாட்டேன்.”

டெல்சேயை நேராகப் பார்த்து அவன் தொடர்ந்தான்.

“பாதையைப் பைன் காட்டுக்குப் பின்னால திருப்பணும்னு நானே எழுதிக் குடுக்கறேன். மேல ஒத்துப்பாங்களான்னு சொல்ல முடியாது. ஆனா இந்தப் பாதைக்கு என் கையெழுத்து கிடைக்காது.”

ஒருவர் கைதட்டுவதற்குப் பதிலாக, அந்த ஊர் வழக்கப்படி விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டினார். அடுத்தவர் தட்டினார். கடைசியில் கூடமே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மேயர் போகிறபோக்கில் ஹென்னிங்கின் முதுகில் ஒரு தட்டு தட்டி, “பொழைச்சீங்க!” என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

வீப்கே காரருகே பொருமினாள். “ஊரே சேர்ந்து உங்களைப் பாத்துச் சிரிக்குது! என்ன வாய் அந்த அம்மாவுக்கு! நாளைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லப் போறீங்க?”

“அங்க சொன்னதையேதான்.”

“அது இருக்கட்டும், அவங்ககிட்ட உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?”

“பழகிப்போச்சு,” என்றான் ஹென்னிங்.

அதற்குள் டெல்சே குடையோடு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். இன்னொரு சுற்றுச் சண்டைக்குத்தான் என்று நினைத்து வீப்கே குறுக்கே போய் நின்றாள். அவர் அவளை விலக்கிக்கொண்டு போய், ஹென்னிங்கின் கோணலாக மடிந்திருந்த சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

“நேரா ஒரு பதில் சொல்ல உனக்கு இவ்வளவு நேரமா? சரி சரி, உனக்காகச் சண்டைக்கு வந்தாளே, இந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. சூப் ஆறிப்போகுது, உங்கப்பா பசியோட உக்காந்திருக்கார்!”