ரெண்டாம் பார்ட்டிஷன்

"நாஸியா, கம்ப்யூட்டரு மறுபடி பழைய லினக்ஸுலயே தொறக்குது. நேத்துப் போட்ட டிராயிங் ஒண்ணையும் காணோம்."

கப்பலூர் பட்டறையிலிருந்து அத்தா பேசினார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் காரணமில்லாமல் போன் போடக் கூடாது என்பது அவர் சட்டம்.

ஆனையூர் வீட்டில் தனியாக இருந்த நாஸியா, தன் லேப்டாப்பிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள்.

"பூட் ஆகும்போது டிஸ்க்குல பழைய லினக்ஸ் இருக்கிற பாகத்தை, ரெண்டாம் பார்ட்டிஷனை எடுக்குதுத்தா. மூணாவதுலதான் புது லினக்ஸ் இருக்கு. மாத்துறேன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

முட்டிவலி, அம்மா வைத்த மீன் ஆணம் என்று அரைமணி நேரம் பேசினார். அதற்குள் டிராயிங்குகளும் வந்துவிட்டன.

"இனிமே இப்படி ஆகாதுல்ல?"

"ஆகாதுத்தா."

அவர் போனை வைத்ததும், அடுத்த முறை பூட் ஆவதற்கான வரியில் மூன்றை அழித்துவிட்டு, எப்போதும்போல இரண்டு என்று எழுதினாள் நாஸியா.