மூன்று சுற்றில் தீர்ப்பு

ரெக்கார்டு பிளேயர் ஊசி ஒன்றுக்குத் தன் காதைப் பற்றி ஏகப்பட்ட கர்வம். எந்த இசைத்தட்டில் இறங்கினாலும், பழைய டேப்பிலிருந்து நேராக வந்ததா, நடுவில் கம்ப்யூட்டர் கைவைத்ததா என்று மூன்றே சுற்றில் சொல்லிவிடுமாம். அது 'கம்ப்யூட்டர்' என்று முகம் சுளித்த தட்டோடு அலமாரியில் ஒருவரும் பேசுவதில்லை.

அன்று மறுபதிப்பாக வந்த புதுத் தட்டு ஒன்றில் ஊசி இறங்கியது. மூன்று சுற்று ஆனது.

"அசல் டேப்பேதான். பாடுற அம்மாவோட தொண்டை ஈரம்கூடத் தெரியுது. கம்ப்யூட்டரா இருந்தா இதையெல்லாம் காய வச்சிருக்கும்."

தட்டு தயங்கியது. "அண்ணே, நான் கம்ப்யூட்டர் வழியாத்தான் வந்தேன். உறையில பொடி எழுத்துல போட்டிருக்கு."

ஊசி அரைச் சுற்றிலேயே பேச்சை மாற்றியது. "அதானே பார்த்தேன். ஆரம்பத்துலயே ஒரு வறட்சி தெரிஞ்சுது. உன் மனசு நோகுமேன்னு சொல்லல."

"இன்னொண்ணும் இருக்குண்ணே."

"சொல்லு."

"நான் வீணைத் தட்டு. எங்கிட்ட பாடுறவங்க யாருமில்ல."

வேறு வழியில்லாமல் ஊசி மிச்சப் பக்கம் முழுக்க வீணையைக் கேட்டது.

நன்றாகத்தான் இருந்தது.