ஒரே ஃபேன் போதும்

"பெட்டியைக் கட்டிட்டேன். நாளைக்குக் காலையில உன்கூடவே கிளம்பறேன்" என்றாள் மாமியார்.

வந்து அரை மணி நேரம்கூட ஆகாத தங்கை, காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன்ல சொன்னதெல்லாம் நிஜம்தானா? உன் மருமக அவ்வளவு கருமியாக்கா?"

"எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டா! ஃப்ரிட்ஜைத் திறந்துட்டு எதை எடுக்க வந்தோம்னு கொஞ்சம் யோசிக்கக் கூடாது. 'அத்தை, குளிரெல்லாம் வெளியே போகுது'ன்னு குரல் வந்துடும். வெந்நீர் வச்சா மூடி போடணும். டிவியை அணைச்சா மட்டும் போதாது, சுவர்ல இருக்கிற சுவிட்சையும் அணைக்கணும். அந்தப் பொட்டு சிவப்பு லைட்டுகூட எரியக் கூடாதாம்!"

"அதெல்லாம் நல்லதுதானே?"

"நல்லது கிடக்கட்டும். என் ரூமையும் விடலையேடி! உங்க அத்தான் கண்ணை மூடிப் பத்து நாள் ஆகல, ஆபீஸ் மேஜையைத் தூக்கிட்டு வந்து என் கட்டில் பக்கத்துல போட்டுட்டா. 'வீட்டுலேர்ந்துதானே வேலை, எதுக்கு அத்தை ரெண்டு ரூம்ல ஃபேன்?'னு கேக்கறா. எட்டு மாசமா இதே கதை. காதுகிட்ட நாள் முழுக்க டக்கு டக்கு. நடுவுல இங்கிலீஷ்ல சண்டை வேற, கேட்டா மீட்டிங்காம். தப்பித் தவறிக் கண்ணசந்தா, 'அத்தை, தூங்கிட்டீங்களா?'ன்னு எழுப்பிக் கேப்பா!"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"நிம்மதியா உக்காந்து அழக்கூட எனக்கு ஒரு மூலை இல்லடி."

"விடுக்கா. எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. நாங்க ரெண்டு பேரும் காலையில கடைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவோம். நீ பாட்டுக்கு மகாராணி மாதிரி ஃபேனைப் போட்டுட்டுத் தனியாக் கிட."

மதியச் சாப்பாடு முடிந்தது. அக்காவும் தங்கையும் கட்டிலில் சாய்ந்தார்கள். பக்கத்து மேஜை காலியாக இருந்தது. லேப்டாப்பைக் காணோம்.

அடுத்த அறையில் ஃபேன் ஓடும் சத்தம்.

"கேட்டியா கூத்தை? விருந்தாளி முன்னாடி வேஷம்! இப்பப் பிடிக்கிறேன் பார்" என்று எழுந்து போனாள் மாமியார்.

மருமகள் மடியில் லேப்டாப்போடு தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஊருக்குத்தான் உபதேசமா? இன்னிக்குக் கரண்ட் மிச்சம் பிடிக்கலையா?"

வேலை மும்முரத்தில் இருந்த மருமகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இன்னிக்கு எதுக்கு அத்தை? அதான் உங்களுக்குத் துணையா சித்தி இருக்காங்களே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் ஒரு மதியம்கூடத் தான் அந்த அறையில் தனியாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே விறுவிறுவென்று தன் அறைக்குத் திரும்பினாள். சுவிட்சை அணைத்தாள்.

"எந்திரிடி. தலையணையை எடு."

"எங்கக்கா? பெட்டியையும் எடுக்கவா?"

"பெட்டி கிடக்கு, அப்புறம் பிரிச்சுக்கலாம். அந்த ரூமுக்கு வா. மூணு பேருக்கு எதுக்குடி ரெண்டு ஃபேன்?"