டிஸ்க் பிரேக்

"நைனா, பிரேக்க பார்த்துப் புடி!"

ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து வந்த நிர்மல் தொண்டை கிழியக் கத்தினான். முன்னால் போன புது பைக் மறுபடியும் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நகர்ந்தது. பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அவன் அம்மா அஞ்சலையின் ஹெல்மெட், அப்பா பச்சையப்பனின் முதுகில் போய் 'டொக்'கென்று இடித்தது.

கொரட்டூரிலிருந்து திருவேற்காடு கோயிலுக்கு, வண்டிக்குப் பூஜை போடக் கிளம்பியவர்கள். அயப்பாக்கம் தாண்டுவதற்குள் இது மூன்றாவது தடவை.

பச்சையப்பன் கல்யாணமான புதிதில் புல்லட் வைத்திருந்தவர். நிர்மல் பிறந்ததும் அதை விற்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். அதன்பிறகு முப்பது வருஷம் ஹேண்டில்பாரைத் தொடவே இல்லை. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மறுநாளே சிவப்பாக ஒரு பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

அம்மா சாமியாடப் போகிறாள் என்று நிர்மல் பயந்தான். அவளோ ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

நிர்மல் ஓட்டிப் பழக்க, பாரிவாக்கத்தில் வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே ஆளில்லாத ரோடு கிடைத்தது. முதல் நாள் பச்சையப்பன் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

"கிக்கர் எங்கடா?"

"கிக்கரே இல்ல நைனா. பட்டன அமுக்கு."

வண்டி ஒரே தொடுதலில் உயிர் பெற்றது. "இது இன்னாடா, மிக்ஸி மாதிரி கீது?" என்று முகம் சுளித்தார்.

பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டியில் எல்லாம் தலைகீழ். மனுஷன் கியர் போடுவதாக நினைத்துப் பிரேக்கை மிதித்தார், பிரேக் என்று நினைத்துக் கியரை மாற்றினார், கடைசியில் கருவேல முள்ளுக்குள் போய் நின்றார். முன்பக்க டிஸ்க் பிரேக்கை நாலு விரலாலும் இறுக்கிப் பிடித்ததில், பின்னால் இருந்த நிர்மலின் மூக்கு வீங்கியது.

"ரெண்டு விரல் போதும் நைனா. இது தொட்டாலே நிக்கும்."

ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஒரே வாரத்தில் கையும் காலும் வசப்பட்டுவிட்டன. வெள்ளிக்கிழமை நிர்மல் கையில் டீ கிளாஸோடு பின்னால் உட்கார்ந்து பார்த்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. வாத்தியார் நிர்மலுக்கு அப்படி ஒரு பெருமை.

இருந்தாலும் அம்மா விஷயம் வேறு. அதனால் கறாராகச் சொல்லிவிட்டான். "அம்மாவ ஏத்திகினு போறப்ப வண்டி குலுங்கிச்சின்னா, சாவி என்கிட்ட வந்துடும். அப்புறம் வண்டிய வித்துடுவேன்." பச்சையப்பன் அன்று இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை.

போதாததற்குப் பின்சீட்டில் கைப்பிடிக் கம்பி ஒன்றையும் மாட்டிவைத்தான். "நைனாவப் புடிக்காதம்மா, அவருக்கு பேலன்ஸ் போயிடும். கம்பிய மட்டும் புடி."

"அந்தக் காலத்து வண்டில கம்பிலாம் ஏதுடா?"

"அப்ப எதப் புடிச்சிகினு போவ?"

"அடுப்புல பால் கீது" என்று அஞ்சலை உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது இன்று இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தது.

கோயில் ரோடு திரும்பியதும் நிர்மல் கண்ணை எடுக்காமல் பார்த்தான். எதிரே மாடு இல்லை, நாய் இல்லை, ஒரு பள்ளம்கூட இல்லை. அஞ்சலை முன்னால் சாய்ந்து பச்சையப்பனின் காதோரம் ஏதோ சொன்னாள். மெதுவாகப் போகச் சொல்லியிருப்பாள், பாவம்.

அடுத்த நொடி, மறுபடியும் ஒரு குலுங்கு. அவள் கை கம்பியை விட்டுப் பறந்துவந்து அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

நிர்மல் ஹாரன் அடித்து, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்த வைத்தான். "சாவிய குடு நைனா."

பச்சையப்பன் மனைவியைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அரை மணி நேரம் வாதாடுகிறவர், பட்டத்தைப் பறிகொடுத்த பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்ட நிர்மலுக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் அம்மா கீழே விழுந்து வைத்தால்?

"சாவிய அவராண்ட குடுத்துடுடா" என்றாள் அஞ்சலை. "அவரு மேல தப்பு இல்ல."

"நீ பரிஞ்சிகினு வராதம்மா! காலி ரோட்ல எதுக்கு பிரேக்கு? நீயே பயந்துபோய் மெதுவா போ, மெதுவா போன்னு அவரு காதுல சொல்லிகினு வந்தத நான் பாத்துகினுதான் வந்தேன்."

அஞ்சலை ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டென்று இறக்கி முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மெதுவா போன்னு எங்கடா சொன்னேன்? இன்னொரு தபா பிரேக் புடின்னேன்."